சின்ன கேமராவோடு மதுரையில் ஒரு நாள்: புதிதாக வருகிறவர்களுக்கு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்கு டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றால் முதலில் வரும் கேள்வி, "எந்த டிவி தம்பி?" சும்மா ஆசைக்கு எடுக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். மல்லிகை விலை ஏறிவிட்டதைப் படம் பிடிக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு பேட்டிக்குத் தயாராவார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எதைப் பார்த்துக் கேமராவை எடுத்தோமோ அது அதற்குள் கலைந்துபோயிருக்கும். அதே இடத்தில் உள்ளங்கை அளவு கேமராவோடு நான் நின்ற முதல் நாள், ஒரு அக்கா என்னைப் பார்த்து, "ஓரமா நில்லு தம்பி, மூட்டை வருது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எடுத்த நாற்பதில் ஏழெட்டுப் படம் தேறியது. பெரிய கேமராவில் நானூறு எடுத்த நாள்களில்கூட அவ்வளவு தேறியதில்லை.

மூன்று வருடமாக ஊருக்குள் சுற்றும்போது சின்ன கேமராதான். பெரியது பீரோவில் இருக்கிறது. அதை எப்போது எடுப்பேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மதுரையைப் பார்க்க வருகிறவர்கள், இங்கேயே இருந்துகொண்டு இப்போதுதான் கேமரா பக்கம் வருகிறவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதை வாங்குவது

காம்பாக்ட் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது சென்சார் அளவு, அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லின் அளவு. பத்துப் பதினைந்து வருடம் முன்னால் கல்யாண வீடுகளில் ஆளுக்கொன்று வைத்திருந்தார்களே, அந்த வகையில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார்தான் இருக்கும், ஏறக்குறைய 6.2 × 4.6 மில்லிமீட்டர். அதற்கு இன்றைய நல்ல போனே மேல். நமக்குக் குறைந்தது '1 அங்குல' சென்சார் வேண்டும். பெயர்தான் ஒரு அங்குலம், அளந்தால் 13.2 × 8.8 மில்லிமீட்டர்தான் வரும். பழைய காலத்து வீடியோ கேமராக் குழாய்க்கு வைத்த அளவுப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் முன்னதைப்போல நான்கு மடங்கு பரப்பு. 2012-இல் தொடங்கிய ஸோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் கேனான் ஜி7எக்ஸ் வரிசையும் இந்த ரகம். அதற்கும் மேலே, பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரையே சின்ன உடம்புக்குள் அடக்கியவை உண்டு: ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை. இவற்றில் ஜூம் கிடையாது.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். நிக்கான் டி5600-இல் 18-140 லென்ஸை மாட்டினால் ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம்தான் குறைவு. ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் மாடல் 290 கிராம், ஜிஆர் 3 வெறும் 257 கிராம். காலையில் இந்த வித்தியாசம் தெரியாது. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் நடக்கும்போது கழுத்துக்குத் தெரியும்.

ஜூம் வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஆள் சண்டை. புதியவர் என்றால், ஃபிலிம் கணக்கில் 24-70 ஜூம் (எண் சின்னதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் கிட்ட வரும்) உள்ள 1 அங்குலக் கேமராவை வாங்குங்கள் என்பேன். கோபுரத்துக்கு அகலம் வேண்டும். எதிர் வாடையில் உட்கார்ந்து பூக்கட்டும் பாட்டியின் விரலுக்குக் கொஞ்சம் கிட்டப் போகவும் வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுத்ததை எல்லாம் புரட்டிப் பாருங்கள். முக்கால்வாசி 28-ஐ ஒட்டியே இருந்தால் அப்போது ஜிஆர் பக்கம் போகலாம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நிறைய மாடல்கள் செகண்ட் ஹேண்டில்தான் கையைக் கடிக்காத விலைக்கு வரும். வாங்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். பத்துத் தடவை ஆன் செய்து ஆஃப் செய்து லென்ஸ் வெளியே வந்து போவதைக் கவனியுங்கள்; கறகறவென்று சத்தமோ தயக்கமோ இருந்தால் வேண்டாம். அடுத்தது, எஃப்/11 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும்) வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் அதை நாமே துடைக்க முடியாது, கேமராவைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதல் கேமரா வாங்கியபோது நான் இதைச் செய்யவில்லை. விற்றவர் காட்டிய படமெல்லாம் எஃப்/2-இல் எடுத்தது, பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒத்தக்கடைப் பக்கம் போய் யானைமலையை எஃப்/8-இல் எடுத்தேன், மலைக்கு மேலே நான்கு காக்கை பறந்தது. அழகாகத்தான் இருந்தது. அடுத்த படத்திலும் அதே நான்கு காக்கை, அதே இடத்தில்.

போன் போதாதா என்று கேட்பீர்கள். உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் போனிலேயே எடுங்கள், தப்பில்லை. எனக்கு விரலுக்கடியில் நிஜமான ஷட்டர் பட்டன் வேண்டும், உண்மையான ஜூம் வேண்டும், எடுக்கும் நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

தெருவில் நின்று மெனுவைத் திருகினால் காட்சி போய்விடும். முதல் நாள் ராத்திரியே எல்லாவற்றையும் செட் செய்துவிடுங்கள்.

முதலில் பீப் சத்தத்தை நிறுத்துங்கள். அடுத்து, ஃபோகஸுக்கு உதவ முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும், அதையும் அணையுங்கள். முகத்தில் வெளிச்சம் அடித்துவிட்டு இயல்பாக இருங்கள் என்றால் யார் இருப்பார்கள்? டிஎஸ்எல்ஆரில் உள்ளே கண்ணாடி துள்ளும் 'டக்' சத்தம் உண்டு. இதில் கண்ணாடியே கிடையாது, ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட எடுத்தது கேட்காது.

படத்தை ரா (பிறகு திருத்த வசதியான முழுக் கோப்பு), ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) இரண்டிலும் சேமிக்கச் சொல்லுங்கள். மோடு 'ஏ', அதாவது அப்பர்சரை (அந்த எஃப் எண்ணை) நாம் வைக்கிறோம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். 1 அங்குல சென்சார் என்றால் எஃப்/4 வையுங்கள். எஃப்/8-க்கு மேலே போனால் இந்தச் சின்ன சென்சாரில் படம் மெல்ல மழுங்கும். ஐஎஸ்ஓ (எண் ஏறினால் இருட்டிலும் படம் வெளிச்சமாகும், கூடவே புள்ளி புள்ளியாகும்) ஆட்டோ, உச்சவரம்பு 3200. ஏபிஎஸ்-சி என்றால் 6400 வரை விடலாம். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு வரி இருக்கும் மாடல்களில் அதை 1/250 நொடி ஆக்குங்கள். சந்தையில் யாரும் நமக்காக நிற்க மாட்டார்கள்.

இனி சொல்வதுதான் சின்ன கேமராவின் சூட்சுமம். 'பின்னணி மங்கலாகாது' என்று இதைக் குறை சொல்வார்கள். தெருவுக்கு அதுவே வசதி. ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடலின் அகலக் கோடியில் லென்ஸின் உண்மையான நீளம் 8.8 மில்லிமீட்டர்தான். எஃப்/4 வைத்து, மேனுவல் ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்தினால், கிட்டத்தட்ட ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். கேமரா ஃபோகஸைத் தேடித் தவிக்கிற வேலையே இல்லை, அமுக்கினால் படம். ஜிஆரில் இதற்கென்றே 'ஸ்னாப் ஃபோகஸ்' இருக்கிறது. அங்கே எஃப்/8, இரண்டு மீட்டர். இரண்டு மீட்டர் எவ்வளவு என்று பழக, வீட்டு நிலைக்கதவைப் படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்து பழகினால் கை தானாக வந்துவிடும்.

பேட்டரி சின்னது, சீக்கிரம் தீரும். ஜிஆர் 3-க்குக் கம்பெனிக் கணக்கே ஒரு சார்ஜுக்கு 200 படம்தான். இரண்டு பேட்டரியாவது வேண்டும். மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். சட்டைப் பையில் மட்டும் போடாதீர்கள். தெப்பக்குளச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்த ஒரு நண்பனின் போன் போன வழி எனக்குத் தெரியும்.

காலை: பூ மார்க்கெட்

ஐந்தரை, ஆறுக்குள் மாட்டுத்தாவணிக்குப் போய்விடுங்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மொட்டாக வந்து மொட்டாகவே விற்றுத் தீர வேண்டிய சரக்கு, அதனால் காலையில் எல்லாருக்கும் அவசரம். நடுவழியில் நின்றால் திட்டு விழும், அதில் நியாயமும் இருக்கிறது. தூண் ஓரம், தராசுக்குப் பக்கம் என்று ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டு காட்சி உங்களிடம் வரட்டும் என்று விடுங்கள்.

முதல் படத்தை மல்லிகைக் குவியலில்தான் எடுப்பீர்கள். எடுத்ததும் ஏமாந்துபோவீர்கள். கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று இருந்த பூ படத்தில் அழுக்கு வேட்டி நிறத்தில் இருக்கும். கேமரா மேல் குற்றமில்லை. எதைக் காட்டினாலும் சராசரி சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். சட்டகம் முழுக்க வெள்ளையைக் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து அமுக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனோ திருகோ இருக்கும். அதில் +0.7 அல்லது +1 வையுங்கள். பூ பூவாகும்.

அப்புறம் அங்கிருந்து திரும்பி, இருட்டான கடைக்குள் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் முதலாளியை எடுத்தால் நேர்மாறு. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும், சட்டை வெறும் வெள்ளைக் காகிதமாக வெந்துபோகும். இப்போது -0.7. இந்த ஒரு திருகைப் பார்க்காமலே திருப்பப் பழகியவர்தான் மதுரை வெயிலில் பிழைப்பார். மீதி எல்லாம் இரண்டாம்பட்சம். திரையில் நீங்கள் பார்ப்பதுதான் படமாக விழும் என்பதால், கண்ணாடி வழியாகப் பார்க்கும் டிஎஸ்எல்ஆரைவிட இதைக் கற்றுக்கொள்ளக் காம்பாக்டே சுலபம். படம் எடுக்கும் முன்பே தப்பு தெரிந்துவிடும்.

கனகாம்பரம், கோழிக்கொண்டை மாதிரி அழுத்தமான நிறங்களில் சிவப்பு மட்டும் தனியாக எரிந்து, இதழின் மடிப்பே தெரியாமல் போகும். அங்கேயும் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

கோபுரமும் மகாலும்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு போனுக்கும் தடை வந்தது. பொருள் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடுங்கள். 'சின்னதுதானே, யாருக்குத் தெரியும்' என்று பையில் ஒளித்துப் போகிற வேலை வேண்டாம். சோதனையில் மாட்டினால் வெட்கக்கேடு, அதோடு அது அடுத்தவர்கள் கும்பிடுகிற இடம்.

வெளியே சித்திரை வீதிகளில் வண்டி போக்குவரத்து கிடையாது, நிதானமாக நடக்கலாம். காலை வெயில் கிழக்குக் கோபுரத்தின் முகத்தில் நேராக விழும். மாலை நாலரைக்கு மேல் மேலக் கோபுரத் தெருவில் நின்று கிழக்கே பாருங்கள். கடைப் பலகைகள், கரண்டுக் கம்பிகள், பைக்குகள், அதற்கெல்லாம் மேலே வெயில் பட்டு எரிகிற மேற்குக் கோபுரம். கம்பி வந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், கம்பி இல்லாத கோபுரப் படம் காலண்டரில் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே மட்டும் ஜூமை 70-க்கு இழுங்கள். தெருவும் கோபுரமும் ஒன்றோடொன்று நெருங்கி வரும்.

எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். 24 அகலத்தில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து முழுக் கோபுரமும் அடங்க வேண்டுமென்றால் அறுபது எழுபது மீட்டர் பின்னால் போக வேண்டும். அவ்வளவு தூரம் போக இடமில்லாதபோது முழுசையும் பிடிக்க ஆசைப்படாமல் இரண்டு நிலை சுதைச் சிற்பங்களை மட்டும் எடுங்கள். திருப்பணிக் காலமென்றால் சாரம் கட்டி மூடியிருப்பார்கள், வரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து விளக்குத்தூண் வழியாக மகாலுக்கு நடக்கலாம். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் டிக்கெட்டோடு கேமராவுக்குத் தனியாகவும் கட்டணம் வாங்குவார்கள். உள்ளே இருட்டுத் தாழ்வாரம், நடுவில் வெயில் கொட்டும் முற்றம். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க எந்தக் கேமராவாலும் கஷ்டம். -1 வைத்து முற்றத்து வெளிச்சத்துக்கு எடுத்துவிட்டு, தூண்களை நிழலாகவே விடுங்கள். வெறும் தூணை எடுத்தால் அதன் பருமன் படத்தில் தெரியாது. அடியில் யாராவது வந்து சாயும் வரை காத்திருங்கள். யாராவது வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்த நாளென்றால் நீங்கள் வேண்டாம் என்றாலும் வருவார்கள்.

உச்சிவெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வழி. தலைப்பாகை நிழலில் முகம் கறுத்துப் போகும் இடங்களில், கேமராவில் ஃபிளாஷ் இருந்தால் தட்டிவிடுங்கள். டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் 1/200-ஐத் தாண்டினால் சாதாரண ஃபிளாஷ் ஒத்துழைக்காது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள காம்பாக்டுகள் அதைவிட எத்தனையோ மடங்கு வேகத்திலும் சேர்ந்து வேலை செய்யும். ஜிஆர் 3-இல் ஃபிளாஷ் இல்லை. அதை வைத்திருப்பவர்கள் அந்த நேரத்துக்கு ஒரு ஜிகர்தண்டா குடிக்கலாம்.

ராத்திரி

பரோட்டாக் கடையில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள். காரணம் இருட்டல்ல, விளக்கு. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/250-இல் கேமராவுக்குத் தெரியும். ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது மங்கலாக வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். ராத்திரி ஆனதும் எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்தி, மோடை 'எஸ்' (ஷட்டர் வேகத்தை நாம் வைப்பது) ஆக்கி 1/100 வையுங்கள். நிற்கிற பொருளுக்கு 1/50. அவ்வளவுதான் மருந்து.

இன்னொன்று: ராத்திரியில் ஜூம் செய்யாதீர்கள். 24-இல் எஃப்/1.8 ஆகத் திறக்கும் லென்ஸ் 70-க்குப் போனால் எஃப்/2.8 ஆகிவிடும், பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் உள்ளே வரும். கிட்டப் போங்கள். ஆனால் கல்லுக்கு ஒரு மீட்டருக்குள் வேண்டாம். எண்ணெய் தெறித்தால் நேராக லென்ஸில்தான் விழும், இந்த லென்ஸ்களில் பலவற்றுக்கு முன்னால் ஃபில்டர் மாட்ட வழியில்லை.

எங்கே நிற்பது? மாஸ்டருக்குப் பின்னால் தொங்கும் பல்பு உங்களுக்கு எதிரே இருக்கும்படி, கல்லின் மூலையில். அப்போதுதான் ஆவி வெளிச்சத்தில் எழும்பித் தெரியும். கொத்து போடும்போது 1/100-இல் இரண்டு கரண்டியும் லேசாகக் கலங்கி, முகம் மட்டும் நிற்கும். அந்தக் கலக்கம் இருக்கட்டும், சத்தமே கேட்பதுபோல இருக்கும். கூட்ட நேரத்தில் போய் நின்று வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள். முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிறகு கேளுங்கள். "நல்லா எடுண்ணே" என்று வீச்சுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கூட்டுவார்.

ஆட்களைப் படமெடுக்கும்போது

சின்ன கேமரா திருட்டுத்தனத்துக்கு வசதியாக இருக்கிறது என்பது உண்மை. அதற்காகவே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூட்டத்தை எடுக்கும்போது கேட்டுக்கொண்டிருக்க முடியாது, சரி. ஒருவர் முகத்தை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கேளுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" போதும். பத்தில் எட்டுப் பேர் சம்மதிப்பார்கள், எடுத்ததைக் காட்டச் சொல்வார்கள். காட்டுங்கள். வேண்டாம் என்றவரிடம் இரண்டாம் தடவை கேட்காதீர்கள். குழந்தையென்றால் பெற்றவர்களிடம் கேட்காமல் கேமராவையே தூக்காதீர்கள்.

மார்க்கெட்டில் எடுத்ததை ஆறுக்கு நாலு அளவில் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூட்டை வருது என்று சொன்ன அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீலை நல்லா விழுந்திருக்கு, நான் தான் நல்லால்ல" என்றார். படத்தை மட்டும் கல்லாப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கேமராவைப் பார்த்துக்கொள்வது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். எடுக்காத நேரத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகும்.

பெரிய கேமரா எப்போது

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம். ஜல்லிக்கட்டுக்குச் சின்ன கேமராவோடு போய் நான் எடுத்ததெல்லாம் தூசியும் முன்னால் நின்றவர்களின் முதுகும்தான். தூரத்திலிருந்து காளையைப் பிடிக்க 200, 300 லென்ஸும் விடாமல் துரத்தும் ஃபோகஸும் வேண்டும். அன்றைக்குப் பீரோவைத் திறப்பேன். சமணர் மலைத் தாமரைக் குளத்தில் பறவை எடுக்கப் போகும்போதும் அப்படியே.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மட்டும் நேர்மாறு. பெரிய கேமராவுக்கு அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கவே இடமிருக்காது. முதல் நாள் ராத்திரியே செட்டிங்கை முடித்து, ஃபோகஸை இரண்டு மீட்டரில் பூட்டி, மணிக்கட்டுப் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு போங்கள். கேமராவைத் தலைக்கு மேலே ஒரு கையால் தூக்கி, திரையைக் கீழ்நோக்கி மடக்கி எடுங்கள். திரை மடங்காத கேமரா என்றால் குத்துமதிப்புதான். அழகர் வேடமிட்டுத் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் படமெடுக்க ஆசை வரும், நிச்சயமாக எடுங்கள். ஆனால் ஆர்எக்ஸ்100, ஜிஆர் எதுவும் தண்ணீர் தாங்காது. ஜிப் உறை இடது கையில் திறந்தபடியே இருக்கட்டும். துருத்தி வைத்திருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டால் உங்களுக்கு இரண்டு நொடி இருக்கிறது.